மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் இன்றைய மாணவரும்

ஒரு நாட்டின் தொழிலறிவு அதன் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் மட்டுமே உறைவதன்று. கொல்லன் பட்டறையிலும், தோட்டக்காரனின் கிணற்றடியிலும், தெருவோரத்துக் கராச்சிலும் அது பெருகி வளர்கின்றது. ஏட்டில் எழுதப்பெறாத அவ்வறிவு, அதனை உடையார் மறையுந்தோறும் தானும் மறைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் பட்ட இடர்ப்பாட்டினிடையே நம் மெக்கானிக்குமார் காட்டிய திறமை இவ்வகையினதே. அத்திறமையின் இயல்பு யாது, அதனை இன்றைய மாணவர் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பன பற்றிச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. கணினியின் ஆணைப்படி எரிபொருளை உட்பாய்ச்சும் புதுமுறைக் கார் இயந்திரத்திலிருந்து அம்முறையை முற்றாகக் கழற்றிவிட்டு, மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்களைப் பூட்டி ஓட்டும் பழக்கம் மேனாடுகளிலே பொழுதுபோக்காகப் பரவியுள்ளது. நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்த் தொகுதி பழைய பொருட் கடையில் மலிவாகக் கிடைப்பதும், அதே வேலைக்கெனச் செய்யப்பட்ட கார்க் காபரேற்றர்கள் விலைமிக்கனவாயிருப்பதும் அதற்குக் காரணங்களாம். நம் இளைஞரும் கைத்தொலைபேசியில் இவற்றைக் கண்டு, நாமும் செய்து பார்த்தாலென்ன என்று ஆவல் கொள்கின்றனர். மூத்தோருள் ஒரு சாரார், “கைக்கு அடங்கின பழைய முறையே நன்று” என்று அவர்களுக்கு ஊக்கமளிப்பர். மற்றொரு சாரார், “முன்னேற்றத்தைப் பின்னோக்கித் தள்ளுவதோ?” என்று கடிந்துகொள்வர். இவ்விரு கட்சியாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றி நிற்கின்றனர் என்பது என் துணிபு.

காபரேற்றர் என்பது எரிபொருளையும் காற்றையும் தக்க அளவிற் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் கருவி. ஒடுங்கிய குழாயினூடே காற்று விரைந்து செல்லுங்கால் அவ்விடத்து அமுக்கம் குறைகின்றது. அக்குறைவினால் சிறு துளையொன்றின் வழியே பெற்றோல் உறிஞ்சப்பட்டுச் சிதறிக் காற்றோடு கலக்கின்றது. பௌதிகவியல் வகுப்பில் பேணூலியின் தத்துவம் படித்த மாணவன் இதனை எளிதில் விளங்கிக்கொள்வான். ஜேர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மைபாக் என்பார் 1893ஆம் ஆண்டளவில் இவ்வகைத் தூவற் காபரேற்றரை ஆக்கினார். அதே காலத்தில் ஹங்கேரி நாட்டு அறிஞர் இருவரும் அதனைக் கண்டனர். அடுத்து வந்த எண்பது தொண்ணூறு ஆண்டுகள் உலகத்துக் கார்களிற் பெரும்பாலன இக்கருவியைக் கொண்டே ஓடின.

உட்பாய்ச்சும் முறையோ பெற்றோலைக் குழாயில் அமுக்கத்தின்கீழ் நிறுத்திச் சிறு வாயில்களை மின்னால் திறந்து மூடி அளந்து தருவது. 1954இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் 300 எஸ்.எல். காரில் பொறிமுறை உட்பாய்ச்சல் இடம்பெற்றது. 1967இல் பொஷ் நிறுவனத்தார் இலத்திரனியல் முறையை வொல்க்ஸ்வாகன் காருக்கு அளித்தனர். புகையைக் குறைக்க வேண்டுமெனச் சட்டங்கள் இறுகியபோது இம்முறை கட்டாயமாயிற்று. பெற்றோல் ஒரு பங்கிற்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்னும் நிறை அளவிலே கலவையை இடைவிடாது நிறுத்தினாலன்றிப் புகைபோக்கியிலுள்ள ஊக்கிக் கருவி தன் தொழிலைச் செம்மையாகச் செய்யாது. கழிவுப் புகையிலுள்ள ஒட்சிசனை உணர்ந்து நொடிதோறும் திருத்தும் அத்தொழில் எளிய காபரேற்றரால் இயல்வதன்று.

இனி நம் குடாநாட்டின் கதைக்கு வருவோம். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலாய பொருள்கள் வருதல் தடைப்பட்டது. இலட்சபானாவிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகவும் அருமையாகவும் கிடைத்தது. வீட்டு விளக்கும் அதுவே. தோட்டத்து இறைப்பும் அதுவே. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டேகும் காருக்கு உணவும் அதுவேயாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலாய பிரித்தானியக் கார்கள், உலகின் பிற பாகங்களில் நூதனசாலைப் பொருள்களாய்விட்ட காலத்தும், நம் தெருக்களில் உழைத்துக்கொண்டிருந்தன. சேலைன் குழாயையும் சிறு போத்தலையும் கொண்டு சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை எழுப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். ஒரு போத்தற் பெற்றோல் பொன்போற் பேணப்பட்டது. அந்த வெண்புகையையும் கண்ணெரிவையும் அக்காலத்தில் வாழ்ந்தார் எவரும் மறந்திரார்.

இதிலடங்கிய விஞ்ஞானம் யாது? பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை சதம அளவைக்கு மேற் சென்றாலன்றி அவ்வாறு ஆவி விடாது. யாழ்ப்பாணத்துக் கோடை வெயிலிலுங்கூடக் குளிர்ந்திருக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயால் எழும்பாமைக்குக் காரணம் இதுவே. எழும்பியபின் நிலைமை வேறு. மேற்சொன்ன பழைய கார்களில் காற்று உள்ளே செல்லும் குழாயும் சுடுபுகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருந்தன. புகைக்குழாயின் சூடு உள்ளே செல்லும் மண்ணெண்ணெயை ஆவியாக்கிற்று. இங்கிலாந்தின் குளிருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு யாழ்ப்பாணத்தின் பஞ்சத்துக்கு உதவிற்று. அஃதன்றியும் அவ்வியந்திரங்களின் நெருக்கல் விகிதம் 7க்கும் 8க்கும் அண்மையது. மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கலைத் தாங்காது காலத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும் இயல்பினது. குறைந்த நெருக்கலில் அத்தட்டல் பொறுக்கத்தக்க அளவில் நின்றது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? ஒருவரும் இதற்கு நூல் எழுதிக் கொடுத்திலர். மேனாடுகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. பெர்குசன் முதலிய உழவு இயந்திரங்கள் பெற்றோலில் எழும்பி, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் உழுதன. நமக்கு ஆசானாக வாய்த்தது கிணற்றடி நீரிறைக்கும் இயந்திரம் என்றே நான் எண்ணுகின்றேன். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கமக்காரன், சிறு தாங்கியிலுள்ள பெற்றோலால் மெசினை எழுப்பிப் பின் திருகைத் திருப்பிப் பெரிய தாங்கியின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதைப் பல்லாண்டு காலம் நாள்தோறும் செய்துவந்தான். அவன் பிள்ளையும் அதனைப் பார்த்தே வளர்ந்தான். எனவே காருக்கும் அதனையே செய்யலாம் என்னும் எண்ணம் தோன்றுதற்குப் பெருஞ்சிந்தனை வேண்டியிருந்திராது. கண்டறிந்த ஒன்றைக் காணாத இடத்திற் பொருத்துவதே புத்தாக்கத்தின் முதற்படி.

இதனைப் புகழுமிடத்து அதன் விலையையும் மறைத்தல் தகாது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீராளமாக்கிற்று. தாங்கிகளும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேய்ந்தன. பிளக்குகளிற் கரி படிந்தது. அவற்றை ஓயாது கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அப்புகையைச் சுவாசித்தோர் நலத்தை எவரும் கணக்கிட்டிலர். ஆதலின் அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவது பேதைமை. இல்லாமை நம் மீது சுமத்தப்பட்டது. அதனை நாம் விரும்பி ஏற்றோமல்லோம். போற்றத்தக்கது இல்லாமையன்று, அதனிடையே தளராது நின்ற அறிவும் கைத்திறனுமேயாம்.

இன்றைய உட்பாய்ச்சற் கார் அன்று நம்மிடம் இருந்திருப்பின் இவ்வாறு ஓட்டியிருத்தல் இயலுமோ? பெரும்பாலும் இயலாது. அதன் எரிபொருட் பம்பி மின்னால் இயங்குவது. பற்றரி கிடையாத காலத்தில் அதுவே முதலிற் படுத்திருக்கும். அதன் நெருக்கல் விகிதம் 10ஐ எட்டுவது. மண்ணெண்ணெய் அங்கே தட்டித் தகர்க்கும். அதன் கணினி பெற்றோலுக்கென எழுதப்பட்ட அளவுகளையே அறியும். மொறிஸ் மைனர் நமக்கு உதவியது அது சிறந்த கார் என்பதனாலன்று. திருகாணி முடுக்கி ஒன்று கொண்டு திறந்து, கண்ணாற் கண்டு, கையால் திருத்தக்கூடிய கார் என்பதனாலேயே.

காபரேற்றரைப் பூட்ட விழையும் இளைஞர் அறியத்தக்க சுவையான செய்தியொன்று ஈண்டுண்டு. மொறிஸ் மைனரிற் பொருத்தப்பட்ட எஸ்.யூ. காபரேற்றரில், இயந்திரத்தின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஒரு சிறு பிஸ்டன் தானே மேலெழுந்து காற்று வழியை விரிக்கும். அதனோடு இணைந்த கூர் ஊசி துளையிலிருந்து உயர்ந்து பெற்றோலின் அளவையும் கூட்டும். பிற்காலத்து யப்பானிய மோட்டார் சைக்கிள்களின் மிக்குனி, கெய்கின் காபரேற்றர்கள் பலவும் இதே தத்துவத்தில், இறப்பர்ச் சவ்வொன்றைச் சேர்த்துக்கொண்டு அமைந்தவையே. ஆகவே நம் முதிய மெக்கானிக் ஒருவரிடம் எஸ்.யூ. காபரேற்றரைக் கற்றவன் அவற்றைக் கண்டு மருளான். பேரன் வியக்கும் பொருள் பேரனாருக்குப் பழகிய பொருளேயாம்.

எனினும் கார் இயந்திரத்தில் அதனைப் பூட்டுவது விளையாட்டன்று. முதலிற் காற்றின் அளவைக் கணக்கிடுக. 1,500 கன சதமமீற்றர் நாற்சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 கன சதமமீற்றர். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது அது உறிஞ்சும் காற்று, 8,000 சுற்றுச் சுழலும் 150 கன சதமமீற்றர் ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டியதிலும் ஏறக்குறைய இரட்டிப்பு. நம் ஊர்த் தெருக்களில் ஓடுவன பெரும்பாலும் அத்தகைய சிறு மோட்டார் சைக்கிள்களே. அவற்றின் காபரேற்றர் நான்கைப் பொருத்தினால் மெல்லோட்டத்தில் இயந்திரம் இயங்கும். வேகத்தில் மூச்சுத் திணறும். மேனாட்டார் 600 முதல் 1,000 கன சதமமீற்றர் வரையான நாற்சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களின் தொகுதியை நாடுவதன் காரணம் இதுவே. அதன்பின் நான்கும் ஒரே அளவில் உறிஞ்சுமாறு வெற்றிடமானி கொண்டு சமன்படுத்தலும், துளைகளை மாற்றி மாற்றிப் பார்த்தலும் பல நாள் வேலையாகும்.

இரண்டாவது, உயிரைப் பற்றிய செய்திகள். உட்பாய்ச்சற் பம்பி வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ மும்மடங்கில் எரிபொருளைத் தள்ளும். காபரேற்றரின் மிதவைக் கிண்ணமோ மேலேயுள்ள தாங்கியிலிருந்து தானே வழியும் பெற்றோலுக்கென அமைந்தது. பழைய பம்பியை அப்படியே இணைப்பின் ஊசி வால்வு தாங்காது. பெற்றோல் வழிந்து சூடான புகைக்குழாயின்மீது விழும். விளைவு தீயே. இனி, காரின் பிறேக்கை இலகுவாக்கும் கருவி இயந்திரத்தின் உள்ளெடுப்புக் குழாயிலுள்ள வெற்றிடத்தால் இயங்குவது. அப்பொதுக் குழாயை நீக்கி நான்கு தனி வழிகளை அமைத்துவிட்டு அவ்விணைப்பைக் கவனியாது விடின், கார் பறக்கும், நில்லாது. நான்கு வழிகளிலிருந்தும் சிறு குழாய்களைச் சேர்த்து, திரும்பாத் தடுப்புடன் அதனைக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, புதிய கார்களில் தீப்பொறி எப்பொழுது பாய வேண்டுமென்பதையும் அக்கணினியே முடிவு செய்கின்றது. அதனை நீக்குவோன் எரிபற்றலுக்கு வேறு வழி தேட வேண்டும். டிஸ்ரிபியூட்டர் உள்ள முற்பட்ட உட்பாய்ச்சற் கார்களிலேயே இவ்வேலை ஓரளவு எளிது.

புகையைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் வாகனத்தின் ஆண்டு வருமான வரிப் பத்திரம் பெறுதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும் அளக்கப்படுகின்றன. செம்மையாய் அமைந்த காபரேற்றர் தேறுதல் கூடும். குத்துமதிப்பாய் அமைந்தது தேறாது. மிகைப்பெற்றோல் செல்லும் கலவை ஊக்கிக் கருவியையும் சுட்டழிக்கும். அயலார் சுவாசிக்கும் காற்றை மாசாக்கும் உரிமை எந்தப் பொழுதுபோக்கிற்கும் இல்லை.

ஆகவே என் முடிபு இது. பழுதுபார்க்கத்தக்க உட்பாய்ச்சல் இயந்திரத்தைக் கழற்றி எறிந்து காபரேற்றர் பூட்டுதல் அன்றாட ஓட்டத்துக்கு உரிய காரில் தக்கதன்று. பலரும் “கணினி பழுது” என்று கைவிடுவன, ஆராய்ந்து பார்ப்பின், அறுந்த கம்பியோ, அழுக்கடைந்த உணரியோ, களைத்த பம்பியோவாக இருத்தல் உண்டு. காரின் நோயைச் சொல்லும் கருவி இன்று சிறு விலைக்கும் கிடைக்கின்றது. அதனை வாசிக்கக் கற்பதே இக்காலத்து மெக்கானிக்கின் முதற்பாடம். ஆனால் கற்பதற்கென ஒதுக்கிய இயந்திரத்தில், பட்டறை மேடையில், ஆசிரியர் மேற்பார்வையில் அம்மாற்றத்தைச் செய்து பார்ப்பது மிக நன்று. ஓர் இயந்திரத்துக்குக் காற்று, எரிபொருள், நெருக்கல், தீப்பொறி என்னும் நான்கும் ஏன் வேண்டும் என்பதை அதுபோற் கற்பிக்கும் பாடம் பிறிதில்லை. கணினி மறைவாய்ச் செய்த வேலையனைத்தையும் மாணவன் தன் கையாற் செய்ய நேரும்போது, கணினியின் அருமையையும் அவனே உணர்வான்.

“மறைந்துபோகும் கருவியை மாணவர் ஏன் கற்க வேண்டும்?” என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. இந்தியாவில் 2020 ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புகை விதியின் பின் அந்நாட்டு மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் உட்பாய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. காபரேற்றரைக் கடன் கொடுத்த மோட்டார் சைக்கிளே அதனைக் கைவிட்டது. ஆயினும் அரிச்சுவடி படித்தவன் அதனையே வாழ்நாள் முழுதும் படிப்பதில்லை. அதனைப் படியாதவன் வேறொன்றையும் படிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் கருவியிற் கற்ற தத்துவமே கண்ணுக்குத் தெரியாத கருவியை விளங்கிக்கொள்ளும் வாயிலாகும்.

இடர்க்காலம் முடிந்துவிட்டதென்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. 2022 யூன் இறுதியிலிருந்து இரு வாரம் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படாது என அறிவிக்கப்பட்டது. யூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தது. 1990இல் குடாநாடு மட்டும் கண்டதை 2022இல் நாடு முழுவதும் ஓரளவு கண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கமக்காரரும் கடற்றொழிலாளரும் பட்ட துன்பம் பழைய நினைவுகளைக் கிளறிற்று. உள்ளதைக் கொண்டு ஓட்டவும், உடைந்ததைத் திருத்தவும் அறிந்த சமுதாயமே இத்தகைய காலங்களைக் கடந்து செல்லும்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் முன்னே இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, 1990ஆம் ஆண்டுகளில் குடாநாட்டுக் கராச்சுகளில் வேலை செய்த மெக்கானிக்குமாரின் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தல். எந்தக் காருக்கு எந்தத் துளையை எவ்வளவு பெருப்பித்தார்கள், எரிபற்றும் நேரத்தை எவ்வாறு மாற்றினார்கள், எண்ணெயை எத்தனை மைலுக்கொருமுறை மாற்றினார்கள், எது பலித்தது, எது பிழைத்தது என்பனவற்றைப் படத்துடன் எழுதி வைக்க வேண்டும். அன்று இளைஞராயிருந்தோர் இன்று முதியோர். அவர்களைக் காத்திருக்கச் செய்யக் காலம் இசையாது. உயர்தர மாணவர் விடுமுறை நாள்களிற் குறிப்பேட்டுடன் சென்று இப்பணியைச் செய்யலாம்.

இரண்டாவது, பள்ளித் தொழிற்கூடத்தில் இரண்டு இயந்திரங்களை அருகருகே நிறுத்துதல். ஒன்று காபரேற்றருடையது, மற்றது உட்பாய்ச்சும் முறையினது. 2013ஆம் ஆண்டு முதல் க.பொ.த. உயர்தரத்திற் தொழினுட்பத் துறை ஒரு தனிப் பிரிவாக உள்ளது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வழிகள் உள, அவ்வழியே செல்லும் மாணவனின் கையில் முதலில் ஒரு சாவி முடுக்கியைக் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பழைய இயந்திரம் ஒன்றின் விலை ஒரு விருந்துபசாரத்தின் செலவினும் மிகாது. வெளிநாடுகளிற் பொறியியலாளராய் விளங்கும் நம் பழைய மாணவர் இதற்கு உதவ மனங்கொள்வராயின் எளிதில் நிறைவேறும்.

எண்ணெயும் கரியும் படிந்த கையைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் அறவே நீங்கிற்றில்லை. புத்தகப் படிப்பே படிப்பு, கந்தோர் உத்தியோகமே உத்தியோகம் என்று நெடுங்காலம் எண்ணிப் பழகிய சமுதாயம் நம்முடையது. அச்சமுதாயத்தின் நோயாளரையும் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் இருளில் ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அக்கரிபடிந்த கைகள் உயிர்ப்பித்த கார்களே. அவர்களுக்குச் செலுத்தும் நன்றி சொல்லளவில் நில்லாது, அவர்களறிந்ததை அடுத்த தலைமுறைக்கு ஒழுங்காகக் கற்பிக்கும் செயலாக அமைதல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் இதனைத் தம் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து ஆவன செய்வாராக.